பிரஷர் பார்க்கும்போது பேசக் கூடாது

பாலுசாமி அண்ணனைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது, வாயைத் தவிர. பதினோரு வருடமாக மனைவி நாச்சியம்மாளை மாதம் தவறாமல் எங்கள் மனநலப் பிரிவுக்குக் கூட்டி வருகிறார். அன்னூர்ப் பக்கத்திலிருந்து மொபெட்டில் வருவார்கள். பின்னால் இருக்கும் அந்த அம்மா தூக்கத்தில் சாய்ந்துவிடாமல் அண்ணன் ஒரு துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வருவார். ஒரு மாத்திரை விடுபட்டதில்லை. அதெல்லாம் சரி. ஆனால் டாக்டர் அந்த அம்மாவைப் பார்த்து எப்படி இருக்கீங்க என்று கேட்டால், பதில் இவர் வாயிலிருந்துதான் வரும்.

"ஜம்முனு இருக்கறாளுங்க. பத்து மணி வரைக்கும் எந்திரிக்கறதே இல்லீங்க. அத்தனை நல்லாத் தூங்கறா."

டாக்டர் கௌதமன் ஒரு நாளைக்கு எண்பது பேரைப் பார்க்கிறவர். அதே மாத்திரை என்று எழுதிவிடுவார். அந்த அம்மா மருந்துச் சீட்டின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நான் அந்தப் பிரிவின் நர்ஸ், கயல்விழி. கொஞ்சம் முன்கோபி. போன ஜூனில் என்னைப் பீளமேட்டில் மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நோயாளி தன் சிகிச்சையைப் பற்றித் தானே பேச வேண்டும், தானே கேட்க வேண்டும், அதற்கு நர்ஸ்தான் வழி செய்து தர வேண்டும் என்றார்கள். கூடவே ஒரு ஃபைலும் தக்காளி சாதமும் கொடுத்தார்கள். தக்காளி சாதம் சுமார். பாடம் மட்டும் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்த வேகத்தில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: 'உங்கள் மாத்திரை. உங்கள் கேள்வி. நீங்களே கேளுங்கள்.'

பாலுசாமி அண்ணன் அதை நிறுத்தி நிதானமாகப் படித்தார். நல்ல விஷயமுங்க சிஸ்டர் என்று என்னைப் பாராட்டினார். அப்புறம் உள்ளே போய், நாச்சியம்மாளின் சார்பில் ஏழு கேள்வி கேட்டார்.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. அவர் மாத்திரை வாங்க வரிசையில் நின்ற நேரத்தில் அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உங்களுக்கு என்னதான் வேணும் என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னார். உடம்புக்கு முடியாமல் போவதற்கு முன்னால் அன்னூர் பஸ் ஸ்டாண்டில் கீரை விற்றாராம். அதே மொபெட்டில், தானே ஓட்டிக்கொண்டு போய். மறுபடி போக வேண்டும், அவ்வளவுதான்.

"ஏழு மணிக்குள்ள கீரையை வித்துப்போடோணுங்க. நான் பத்து மணிக்கு எந்திரிச்சு ஆருக்கு விக்கறது? ராத்திரி மாத்திரை அப்படி அமுக்குதுங்க."

இதை டாக்டரிடம் சொல்லலாமே என்றேன்.

"சொல்றக்கு எங்கீங்க எடம் கிடைக்குது?" என்றார்.

பதினோரு வருடம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதால் மூக்கு சிவக்கும் என்பதால் கோபப்பட்டுக்கொண்டேன்.

அடுத்த மாதம் அண்ணனை வெளியே நிற்கச் சொன்னேன். சரிங்க என்று மரியாதையாகப் போனவர், சுற்றி வந்து ஜன்னல் கம்பி வழியாகப் பதில் சொன்னார். அதற்கடுத்த மாதம் ஆதார் ஜெராக்ஸ் எடுத்துவரச் சொல்லி அனுப்பப் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்தே மூன்று ஜெராக்ஸ் எடுத்து நீட்டினார்.

மூன்றாவது மாதம் டாக்டரின் அறையிலேயே அண்ணனைப் பிடித்து உட்காரவைத்தேன். பிரஷர் பார்த்து எத்தனை நாளாச்சு என்று கேட்டேன். பார்த்ததே இல்லையாம். கையில் பட்டையைச் சுற்றினேன்.

"பிரஷர் பாக்கறப்ப பேசக் கூடாதுங்க அண்ணா. பேசினா தப்பாக் காட்டும்" என்றேன். அது பொய்யும் இல்லை.

டாக்டர் வழக்கம்போல எப்படி இருக்கீங்க என்றார். அண்ணனின் வாய் திறந்தது. நான் பம்பை அழுத்தினேன். வாய் மூடியது. நாச்சியம்மாள் பழக்கத்தில் புருஷனைப் பார்த்தார். அவர் கன்னம் உப்பி, கண் பிதுங்க உட்கார்ந்திருந்தார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாவைப் பார்த்தார்.

"காலையில எந்திரிக்க முடியறதில்லீங்க" என்று ஆரம்பித்தார் நாச்சியம்மாள்.

அப்புறம் நிற்கவே இல்லை. கீரை, பஸ் ஸ்டாண்டு, மாத்திரை, புருஷனிடம் இருக்கும் மொபெட் சாவி, எல்லாம் வந்தது. நடுவில் பட்டை தளர்ந்தது. அண்ணன் மூச்சை இழுத்தார். சரியா வரலீங்க, இன்னொருக்கா பாத்தரலாம் என்று நான் மறுபடி பம்பை அழுத்தினேன். டாக்டர் மாத்திரையின் அளவைக் கொஞ்சம் குறைத்தார். ராத்திரி பத்துக்குப் போடுவதைச் சாப்பிட்டதும் ஏழு மணிக்கே போடச் சொன்னார். பத்து நாள் காலையில் தெளிவாக எழுந்தால் வண்டி ஓட்டலாம், பதினைந்தாம் நாள் வந்து காட்டுங்க என்றார்.

அண்ணனுக்கு உண்மையிலேயே பிரஷர் நூற்றெழுபது இருந்தது. கோபத்தில் ஏறியதோ என்று ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், இறங்கவில்லை. பக்கத்து அறை டாக்டரிடம் காட்டச் சீட்டுப் போட்டுக் கொடுத்தேன். வாசலில் அண்ணன் என்னை நிறுத்தினார்.

"அவ தப்பாச் சொல்லிப்போட்டான்னா பழையபடி ஆயிருமோன்னு பயமுங்க சிஸ்டர்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

பதினைந்தாம் நாள் இருவரும் வந்தார்கள். நாச்சியம்மாள் ஓட்டினார், அண்ணன் பின்னால் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு கட்டு அரைக்கீரை கொண்டுவந்திருந்தார்கள். அதைக் கொடுக்கும்போதே நாச்சியம்மாள் எல்லா விவரமும் என்னிடம் சொல்லிவிட்டார். உள்ளே போனதும் அண்ணன் உதட்டை மடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். டாக்டர் எப்படி இருக்கீங்க என்று கேட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. "சூப்பரா இருக்காங்க சார். அஞ்சு மணிக்கெல்லாம் எந்திரிச்சிடறாங்க. நாலு நாளா கீரைக்குப் போறாங்க. தூக்கம் நல்லா இருக்கு, பசியும் நல்லா..."

நாச்சியம்மாள் எழுந்தார். மேஜைமேல் இருந்த பிரஷர் பட்டையை எடுத்துப் பிரித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சிஸ்டர், கையக் கொஞ்சம் நீட்டுங்க" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். மூலையில் அண்ணன் சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமினார். நாச்சியம்மாள் என் கையில் பட்டையைச் சுற்றிவிட்டு, டாக்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.