மியூரியலின் செடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கியதல்ல. வசந்தத்தில் பூக்கும் பல்லாண்டுச் செடிகளைச் சேர்த்துக் காதல் ததும்பும் பாத்தி அமைப்பது எப்படி என்று ஒரு தோட்டப் பத்திரிகை கட்டுரை கேட்டது. எனக்குக் கொத்தமல்லியே முளைக்காது. எனவே எழுத்தாளர்கள் செய்வதைச் செய்தேன். பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தேன்.

முதல் வரி: “இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷயரில் வசந்தம் என்பது ஒரு

ஒரு என்ன? மழைதான். விட்டுவிட்டேன்.

2

பக்கத்து வீட்டுப் பெரிலுக்கு அறுபத்தெட்டு, நார்மனுக்கு எழுபத்திரண்டு. இருவருக்கும் இது இரண்டாம் கல்யாணம். போன அக்டோபரில் புது வீட்டுக்கு வந்த மறுவாரமே வேலியோரம் நீளமாக ஒரு பாத்தி. அவரவர் பழைய வீட்டிலிருந்து அவரவர் செடி. இரண்டும் கலந்து பூத்தால் காதலாம். யோசனை நார்மனுடையது. குழி வெட்டியது பெரில்.*

பெரில் கொண்டுவந்தது தரையோடு பூக்கும் வெளிர்மஞ்சள் பிரிம்ரோஸ் செடிகள். நார்மன் கொண்டுவந்தது ஒரே ஒரு வேர்க்கட்டி. ஏப்ரலில் அது எழுந்து, வளைந்த தண்டுகளில் இளஞ்சிவப்பு இதயங்களை வரிசையாகத் தொங்கவிட்டது. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வெள்ளைச் சொட்டு. இந்த ஊரில் அதற்கு ‘ரத்தம் சொட்டும் இதயம்’ என்று பெயர். (நான் வைத்ததல்ல. இவ்வளவு மட்டமான குறியீட்டை நான் கதையில் வைக்கமாட்டேன்.)

அது பிரிம்ரோஸ்களின் மேல் உரிமையோடு சாய்ந்து படுத்துக்கொண்டது.

“பழைய வீட்டுச் செடி,” என்றார் நார்மன்.

பழைய வீடென்றால் மியூரியலின் வீடு. மியூரியல், நான்கு ஆண்டுகளுக்கு முன் இறந்த முதல் மனைவி. கோடையில் செத்ததுபோல் மறைந்து, ஏப்ரல் தோறும் தவறாமல் திரும்பிவரும் செடி அது என்று புத்தகத்தில் படித்த அன்று பெரிலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

* வினையின் முடிவில் நார்மனுக்கு மரியாதை ‘ஆர்’, பெரிலுக்கு வெறும் ‘ஆள்’. தமிழைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

3

பெரிலைப் பொறாமைக்காரியாக எழுதி ஒரு பக்கத்தைக் கிழித்தேன். அவள் அப்படியில்லை. மியூரியலின் கோப்பைகளில்தான் தினமும் டீ குடித்தாள். ஆனால் பாத்தி இருவருக்குமானது என்று சொல்லித்தானே வெட்டினார்கள்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நார்மன் உள்ளே டீ போடப் போன நேரம், மண்வாரியை எடுத்து அந்தச் செடியைச் சுற்றித் தோண்டினாள். பாதி தோண்டுவதற்குள் அவர் இரண்டு கோப்பையோடு வந்துவிட்டார்.

“என்ன பண்ற பெரில்?”

“பாத்தா தெரியலையா? உன் மூத்த தாரத்தைக் கொஞ்சம் தள்ளி உக்கார வைக்கிறேன்.”

“யாரு, மியூரியலா?” நார்மன் சிரித்தார். “அவளுக்கு இந்தப் பூவைக் கண்டாலே ஆகாது. கசாப்புக் கடை மாதிரி தொங்குதும்பா. முப்பத்தோரு வருஷமா பிடுங்கு, பிடுங்குன்னு ஒரே பாட்டு.”

“நீ என்ன பண்ணின?”

“பிடுங்கல. எனக்குப் பிடிக்குமே!”

நல்ல செய்தி சொன்ன முகம்.

பெரிலுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. முப்பத்தோரு ஏப்ரல்கள் சமையலறை ஜன்னலில் நின்று அந்தப் பூவைப் பார்த்த ஒருத்தியை அவள் முதன்முதலாக நினைத்துப் பார்த்தாள்.

“நான் பிடுங்கச் சொன்னா?”

“டீ ஆறுது, பெரில்.”

4

பத்திரிகைக்குப் பிடிக்கும் முடிவு: பெரில் சிரிக்கிறாள், மண்ணை மூடுகிறாள், பிரிம்ரோஸை முன்வரிசைக்கு மாற்றுகிறாள். என் தோழி கேட்ட முடிவு: செடி குப்பைக்கு, பின்னாலேயே நார்மனும். இரண்டையும் எழுதினேன். இரண்டிலும் பெரில் நான் சொன்னபடி நடக்கிறாள். அதைத்தான் நார்மனும் எதிர்பார்க்கிறார்.

வேலிக்குப் பின்னாலிருந்து நான் பார்த்தது இவ்வளவுதான். மண்வாரியைக் குத்தி நிறுத்தினாள். நீட்டிய கோப்பையை வாங்கவில்லை.

“அவளுக்கு ஏன் பிடிக்கலன்னு ஒருநாளாவது கேட்டியா, நார்மன்?”

நார்மன் வாயைத் திறந்தார்.

பதில் என் காதில் தெளிவாக விழுந்தது. எழுதப் போவதில்லை. உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். அதையே போட்டுக்கொள்ளுங்கள்:

“