ஐந்நூற்றைம்பது பவுண்டு ஸ்பிரிங்

வெர்லின் காம்ப்ஸுக்கும் அவன் மனைவி நெட்ராவுக்கும் நாற்பத்தோரு வருடத் தாம்பத்தியத்தில் தீராத வழக்கு ஒன்றே ஒன்றுதான். பிள்ளை பிறக்காததைப் பற்றிக்கூட அவர்கள் இரண்டு முறைக்கு மேல் பேசியதில்லை. ஆனால் காரின் முன்பக்க ஸ்பிரிங்கைப் பற்றிப் பேச்செடுத்தால் சாப்பாடு ஆறிப்போகும்.

கார் 1968 ஷெவெல். பச்சை நிறம். எஞ்சின் மட்டுமே எழுநூறு பவுண்டு. அத்தனை கனத்தையும் மூக்கில் சுமந்துகொண்டு திருப்பத்தில் திரும்பும்போது வண்டி குடித்தவனைப் போல ஒரு பக்கமாகச் சாயும். அதைச் சொல்லிச் சொல்லித்தான் வெர்லின் பதினோரு வருடமாக மாய்ந்துபோனான்.

அவர்கள் ஊரான இப்சிலாண்டியில் கோடைக்கால ஞாயிறுகளில் ஒரு கூத்து நடக்கும். மூடிப்போன பேரங்காடியின் முன்னால் இருக்கும் பெரிய வாகன நிறுத்தத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைப்பார்கள். அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டி யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். ஜெயித்தால் கைதட்டல், அவ்வளவுதான். அந்த ஒரு நிமிட ஓட்டத்துக்காக வாரம் முழுக்கக் காருக்கு அடியில் மல்லாந்து கிடக்கும் கூட்டம் அது. அவர்களைத் திருத்த முடியாது, திருத்தப் பார்த்த மனைவிமார்கள்தான் களைத்துப்போனார்கள். நெட்ரா அந்த வேலையே வைத்துக்கொள்ளவில்லை. தானும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "இடது, இடது, கிழவா, கண்ணு எங்க இருக்கு" என்று கத்திக்கொண்டே கூடச் சுற்றுவாள்.

ஒவ்வொரு வருடமும் டுவேன் வோய்சிக்கிடம் வெர்லின் தோற்பான். கார்த் தகடுகளை அச்சில் அழுத்தும் தொழிற்சாலையில் இருவரும் ஒரே வரிசையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர்கள். தோல்வி ஒரு நொடிக்கும் குறைவுதான். அந்த ஒரு நொடி ஸ்பிரிங்கில் இருக்கிறது என்பது வெர்லினின் கட்சி. ஒரு ஸ்பிரிங்கை ஓர் அங்குலம் அமுக்க எத்தனை பவுண்டு எடை வேண்டுமோ, அதுதான் அதன் எண். ஷெவெலில் இருந்தது முந்நூறு. அவன் கேட்டது ஐந்நூற்றைம்பது. எண் கூடினால் வண்டி சாயாது, ஆனால் உட்கார்ந்திருப்பவர்களைக் குலுக்கி எடுக்கும்.

"மாட்டிக்கோ. ஆனா நான் அதுல உக்கார மாட்டேன்" என்பாள் நெட்ரா.

ஒரு முறை டுவேனிடம் இரவல் வாங்கி மாட்டியும் பார்த்தான். தேவாலய விருந்துக்குப் போகும்போது, நெட்ரா மடியில் வைத்திருந்த பீன்ஸ் சட்டி ரயில் பாதையைக் கடக்கையில் ஒரு குதி குதித்துப் புதுப் பாவாடை முழுக்கக் கொட்டியது. மறுநாள் காலையிலேயே வெர்லின் வாயைத் திறக்காமல் பழைய ஸ்பிரிங்கை மாட்டிவிட்டான். அந்தக் கதையை அவள் பத்து வருடம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு நோய் வந்தது. மார்பில் ஆரம்பித்து முதுகெலும்புக்கு இறங்கியிருந்தது. பக்கத்து ஊரான ஆன் ஆர்பரின் மருத்துவமனைக்கு வாரம் ஒரு தடவை போக வேண்டும். குளிர்காலம் முடிந்த மார்ச் மாதச் சாலையைக் கேட்கவே வேண்டாம், குழிக்கு நடுவே கொஞ்சம் தார். பிக்கப் லாரியில் முதல் தடவை கூட்டிப்போனபோது ஒவ்வொரு குழிக்கும் அவள் பல்லைக் கடித்தாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்:

"அடுத்த வாரம் பச்சைக் கார்ல போலாம். அதுதான் தொட்டில் மாதிரி போகும்."

அப்படித்தான், மழைத்துளி படாமல் பொத்தி வைத்திருந்த காரை வெர்லின் உப்பும் சேறும் கிடந்த சாலையில் இறக்கினான். எந்த ஸ்பிரிங்கைப் பதினோரு வருடம் திட்டினானோ, அதன் மென்மையில்தான் அவள் அந்தச் சாலையைத் தாங்கினாள். வெர்லின் மனதுக்குள் அதனிடம் மன்னிப்புக் கேட்டான்.

மருத்துவமனையில் முதலில் எடை பார்ப்பார்கள். நெட்ரா கருவியில் ஏறி நிற்கும்போது வெர்லின் சுவரில் ஒட்டியிருந்த, கைகழுவும் முறை பற்றிய படத்தைப் படிப்பான். எண்ணைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. அவளும் சொன்னதில்லை. அவன் தெரிந்து வைத்திருந்தது நோய்க்கு முந்திய எடை, நூற்று நாற்பது பவுண்டு. அதோடு அவன் நிறுத்திக்கொண்டான்.

ஏப்ரல் நடுவில் டாக்டர் இருவரையும் உட்கார வைத்து, இனி மருந்து கொடுத்தால் உடம்புதான் கெடும், வீட்டிலேயே வலிக்கு மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். திரும்பி வரும் வழியில், சிவப்பு விளக்கில் நின்றபோது நெட்ரா சொன்னாள்:

"அந்த ஸ்பிரிங்கை வாங்கிடு, வெர்லின்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"பதினோரு வருஷமா முடியாதுன்னியே."

"இப்ப முடியும்ங்கறேன். உனக்கு என்ன குறை?"

"நீ உக்காரணும்ல?"

"நான் எங்க உக்காரப் போறேன்."

விளக்கு பச்சையானது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். வெர்லினின் கை கியர் எங்கே இருக்கிறது என்று தேடியது.

இரண்டு வாரம் அவன் அந்தப் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் கடைக்குப் போய் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தால், சமையலறை மேசை முன்னால் டுவேன் உட்கார்ந்திருக்கிறான். எதிரே போர்வையைச் சுற்றிக்கொண்டு நெட்ரா. நடுவில் உதிரி பாக விலைப்பட்டியல்.

"ஸ்பிரிங் மட்டும் போட்டா பத்தாது" என்று டுவேன் சொல்லிக்கொண்டிருந்தான். "பழைய ஷாக் அப்சார்பர் தாங்காது, குதிக்கும். இணைப்புல இருக்குற ரப்பர் புஷ்ஷையும் எடுத்துட்டு கெட்டியானதப் போடணும். ரெண்டு சக்கரத்தையும் சேர்க்குற குறுக்குக் கம்பி இன்னும் தடியா வேணும்."

"கெட்டி புஷ் கீச்சு கீச்சுன்னு கத்தும்னு நீதான சொன்ன" என்று நெட்ரா கேட்டாள்.

"கிரீஸ் வெச்சா கத்தாது."

"வெர்லின் வைக்க மாட்டான். ரப்பரே எழுது."

வெர்லின் ரொட்டியை மேசையில் போட்டான். "யாரக் கேட்டுடா என் வண்டிக்குச் சாமான் பாக்குற? எந்திரி. வெளிய போ."

டுவேன் எழுந்துவிட்டான். நெட்ரா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நான் கூப்பிட்டேன். அவன் மேல பாயாத." பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "நான் போனதும் நீ அந்த நாற்காலில உக்காருவ. எந்திரிக்கவே மாட்ட. எனக்கு உன்னத் தெரியாதா? ஸ்பிரிங் மாத்த உனக்கு ஒரு மாசம் ஆகும். அப்புறம் சக்கரம் நேர் பாக்கணும். அப்புறம் இவன்கூடச் சண்டை. அப்படியே செப்டம்பர் வந்துரும். செப்டம்பர் வரைக்கும் நீ இருந்துட்டா எனக்குப் போதும்."

வெர்லின் ரொட்டியை எடுத்து அலமாரியில் வைத்தான். டுவேன் விலைப்பட்டியலின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மதியமே ஃபோன் போட்டார்கள். இண்டியானாவில் ஸ்பிரிங் செய்யும் ஒரு சின்னப் பட்டறை. கடையில் அடுக்கி வைத்து விற்பவர்கள் அல்ல, எந்த வண்டிக்கு, யார் உட்காரும் வண்டிக்கு என்று கேட்டுக் கேட்டுக் கம்பியைச் சுற்றுபவர்கள். ட்ரூடி என்ற பெண் பேசினாள். நெட்ராவும் கேட்கட்டும் என்று வெர்லின் ஃபோனை மேசையில் ஒலிபெருக்கியில் வைத்தான்.

"எஞ்சின் தலை இரும்பா, அலுமினியமா சார்?"

"இரும்பு."

"பேட்டரி முன்னாடியா, டிக்கியிலயா?"

"முன்னாடி."

"ஓட்டுறவர் எடை?"

"இருநூத்திப் பதினாலு."

"பொய்" என்றாள் நெட்ரா. "இருநூத்தி முப்பது போடும்மா."

ட்ரூடி சிரித்தாள். "போட்டாச்சு. பக்கத்து சீட்ல யாராச்சும் வழக்கமா வருவாங்களா? ஆள் உண்டுன்னா வலது ஸ்பிரிங்கக் கொஞ்சம் உயரமா சுத்துவோம். உக்காந்ததும் வண்டி மட்டமா நிக்கும்."

வெர்லின் வாயைத் திறந்தான். அதற்குள் நெட்ரா ஃபோன் பக்கமாகக் குனிந்தாள்.

"யாரும் இல்லம்மா. அவர் மட்டும்தான்."

"சரிங்க. சுத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஃபோன் பண்ணி எல்லாத்தையும் படிச்சுக் காட்டுவேன். அது எங்க வழக்கம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை வெர்லின் கேட்டான் என்று சொல்ல முடியாது. யாரும் இல்லை என்பதோடு அவன் காது அடைத்துவிட்டது.

மறுநாள் காலை, நெட்ரா தூங்கும்போது, அவன் காரேஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அதே எண்ணுக்கு ஃபோன் செய்தான்.

"ஒரு திருத்தம். பக்கத்து சீட்ல ஆள் உண்டு. நூத்தி நாப்பது பவுண்டு."

"நேத்து இல்லன்னாங்களே சார்."

"நேத்து தப்பாச் சொல்லிட்டோம்."

"வழக்கமா வருவாங்களா? ஏன்னா, சுத்துன பிறகு மாத்த முடியாது. ஆள் இல்லாம ஓட்டுனா வண்டி வலப் பக்கம் தூக்கிட்டு நிக்கும்."

"எல்லா ஞாயித்துக்கிழமையும் வருவா" என்றான் வெர்லின்.

எத்தனை பெரிய முட்டாள்தனம் என்று அவனுக்கே தெரியும். வண்டியை அறிந்தவன், அரை அங்குலத்துக்கு வருடக்கணக்கில் மல்லுக்கு நின்றவன், வேண்டுமென்றே கோணலாக நிற்கும் ஸ்பிரிங்கைச் சொல்லிச் செய்யச் சொன்னான். ஆனால் அந்த இருக்கையில் சைபர் என்று எழுத அவனால் முடியவில்லை. சைபர் என்று ஒரு கம்பியைச் சுற்றிவிட்டால் அவள் செத்தே போவாள் என்று ஒரு பைத்தியக்காரப் பயம் அவனைப் பிடித்துக்கொண்டது.

மே பதினாறாம் தேதி, நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் நெட்ரா போய்விட்டாள். கடைசி இரண்டு வாரமும் அவள் வெர்லினை ஜன்னல் வழியாகப் பார்க்கும்படி காரேஜ் கதவைத் திறந்து வைக்கச் சொன்னாள். சாமான் வராத நிலையில் அவனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பழைய போல்ட்டுகளைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினான். அவள் பார்க்கிறாள் என்பதற்காக நாளெல்லாம் அதையே செய்தான்.

அடக்கம் முடிந்த பிறகு அவள் சொன்னபடியே நாற்காலியில் உட்கார்ந்தான். டுவேன் வந்து கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனான். ஒன்பதாம் நாள் பெட்டி வந்தது. கனமான பெட்டி. கொண்டுவந்தவன் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். மழை வரும்போல இருந்ததால்தான் வெர்லின் எழுந்து அதைக் காரேஜுக்குள் இழுத்துப் போட்டான். இழுத்தவன் பிரித்தான்.

கறுப்புப் பூச்சு அடித்த இரண்டு ஸ்பிரிங். ஒன்றில் இடது என்றும் மற்றதில் வலது என்றும் சீட்டு கட்டியிருந்தது. மேலே மடித்து வைத்த ஆர்டர் தாள். எஞ்சின், பேட்டரி, ஓட்டுநர் 230. அதற்குக் கீழே பயணி 140 என்று அச்சடித்ததைப் பேனாவால் அடித்து 91 என்று எழுதியிருந்தது. ஓரத்தில் ட்ரூடியின் கையெழுத்தில் இரண்டு வரி:

மே 2, சுற்றுமுன் ஃபோனில் சரிபார்த்தது. எடையைத் திருத்தியவர் பயணியே.

வெர்லின் அதை நின்றபடியே படித்தான். மே இரண்டாம் தேதி அவன் மருந்துக் கடைக்குப் போயிருந்தான். இங்கே வீட்டு ஃபோன் அடித்திருக்கிறது. அவள்தான் எடுத்திருக்கிறாள். ட்ரூடி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டியிருப்பாள், நூற்று நாற்பது என்று வந்ததும் அவன் செய்த காரியம் நெட்ராவுக்குப் புரிந்திருக்கும். ஆள் இல்லை, அடித்துவிடு என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எடை தப்பு என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அதன்பிறகு பதினான்கு நாள் உயிரோடு இருந்து, அவனைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்து, இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தொண்ணூற்றொன்று. அந்த எண்ணை அவன் இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறான். சுவரில் இருந்த படத்தையே அவன் படித்துக்கொண்டிருந்த அத்தனை வாரமும் அவள் தனியாக நின்று அதைப் பார்த்திருக்கிறாள். வெர்லின் வலது ஸ்பிரிங்கை மடியில் வைத்துக்கொண்டு சிமெண்ட் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். மருத்துவமனையிலும் அழவில்லை, கல்லறையிலும் அழவில்லை, அதெல்லாம் சேர்ந்து வந்தது.

ஜூன் முதல் வாரம் டுவேனை அவனே கூப்பிட்டான். இரண்டு பேரும் சேர்ந்து மூன்று நாளில் முன்பக்கம் முழுவதையும் மாற்றினார்கள். ஜாக்கியை இறக்கியதும் டுவேன் பழக்கதோஷத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை வைத்து இடமும் வலமும் பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

"வலது கொஞ்சம் தூக்கிட்டு நிக்குதுடா. தப்பாச் சுத்திட்டானுங்க."

வெர்லின் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தான். டுவேன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"இடது ஸ்பிரிங்குக்கு அடியில ஒரு வளையம் வெச்சா மட்டமாயிடும்" என்றான். "அஞ்சு நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது."

"வேணாம்."

"ஆள் இல்லாம இது இப்படியேதான் நிக்கும், வெர்லின்."

"நிக்கட்டும்" என்றான் வெர்லின். "அவ இல்லன்னா இல்லன்னு வண்டிக்காவது தெரியணும்ல."