வேப்பிலைக்குப் போன லோரி

எங்கள் மலையில் தேயிலை வளரும், முட்டைக்கோஸ் வளரும், ஸ்ட்ராபெரிகூட வளரும். வேப்பமரம் மட்டும் வளராது. குளிர் அதற்கு ஆகாது. யார் வீட்டிலாவது அம்மை போட்டால் வேப்பிலைக்கு அடிவாரத்துத் தாப்பா ஊர்வரை மலை இறங்க வேண்டும். காய்கறி லோரி ஓட்டுகிறவன் என்பதால் அந்த வேலை எப்போதும் என் தலையில்தான் விழும்.

இந்த முறை என் வீட்டுக்கே தேவைப்பட்டது. என் மனைவி செல்லம்மாவுக்குக் கழுத்திலும் கையிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்து, சொறிந்து சொறிந்து தூக்கமே போய்விட்டது. பக்கத்து வீட்டு அம்சவல்லி எட்டிப் பார்த்ததுமே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா வந்திருக்கா அக்கா. மருந்து மாத்திரை எதுவும் தொடக் கூடாது லா."

போன தீபாவளி சமயத்தில் கொழுந்து பறிக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் செல்லம்மா. அன்றிலிருந்து மாத்திரையில்தான் வண்டி ஓடுகிறது. போன மாதம் ரத்தம் சோதித்துவிட்டு, கொழுப்பைக் குறைக்கப் புதிதாக ஒரு மாத்திரையும் சேர்த்தார்கள். அத்தனையையும் நிறுத்துவதா? ஆனால் அம்மன் பேரைச் சொன்ன பிறகு எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு, அவள் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

அரிப்பு அடங்கியது. தடிப்பும் வாடியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். அம்சவல்லிக்கு ஒரே பெருமை. செல்லம்மா மறுபடி மாத்திரைகளைப் போடத் தொடங்கினாள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, முதுகெல்லாம் தடித்துவிட்டது.

"ரெண்டாவது தடவையா? இந்த வீட்ல ஏதோ குத்தம் இருக்கு," என்றாள் அம்சவல்லி.

செல்லம்மா உடைந்துபோனாள். பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்ட வருடம்தான் அவளுக்கு நெஞ்சு வலி வந்தது. எடுக்காமல் விட்டதற்குத்தான் அம்மன் கோபிக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள். மாத்திரைப் பையைத் தூக்கி அலமாரிமேல் வைத்தாள்.

"வேப்பிலைக்குப் போய்ட்டு வாங்க."

"மாத்திரைய மட்டும் நிறுத்தாத செல்லம்மா."

"அம்மாகூட விளையாடாதீங்க. எது நடந்தாலும் அவ பாத்துக்குவா."

முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ரிங்லெட் ஊரைத் தாண்டி வளைவில் இறங்கும்போது லோரியை ஓரம் கட்டினேன். போன முறை நான் திரும்பி வந்தபோது அவள் உயிரோடு இருந்தாள். இந்த முறையும் இருப்பாள் என்று யார் எழுதிக் கொடுத்தது? கோஸ் காத்திருக்கட்டும் என்று லோரியைத் திருப்பினேன்.

வெறுங்கையோடு வந்து நின்றவனைப் பார்த்து அவள் கத்தினாள். நானும் கத்தினேன். கடைசியில் கத்த முடியாமல் அழுதுவிட்டேன்.

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்தச் சாமிய கும்புடுவேன்?"

மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு லோரியில் ஏறினாள்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டர் அமாலினா எங்களைப் பார்த்தார். சின்ன வயது மலாய்ப் பெண். வீட்டுக்கு அம்மன் வந்ததை மலாயில் எப்படிச் சொல்வது? ஏதோ உளறினேன். அவர் சிரிக்கவில்லை. மாத்திரையை எப்போது நிறுத்தினோம், எப்போது திரும்பத் தொடங்கினோம், தடிப்பு எப்போது வந்தது என்று பொறுமையாகக் கேட்டார். பிறகு புதிதாகச் சேர்த்த அந்தக் கொழுப்பு மாத்திரையைத் தனியே எடுத்து வைத்தார். சிலருடைய தோலுக்கு அது ஒத்துக்கொள்ளாதாம். அதற்குப் பதில் வேறொன்று தருவதாகச் சொன்னார். மற்ற மாத்திரைகளையும் நிறுத்தியதற்கு எங்கள் இருவருக்கும் நன்றாகத் திட்டு கிடைத்தது. இனி அரித்தால் முதலில் இங்கே வர வேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் செல்லம்மா என் சட்டையைப் பிடித்தாள்.

"அப்ப அம்மாவுக்கு எம்மேல கோவம் இல்லியா?"

"அவளுக்கு வேற வேலை இல்ல பாரு. அந்த மாத்திரைக்குத்தான் உம்மேல கோவம்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

தடிப்பு மெல்ல மறைந்தது. இப்போது தினமும் மாத்திரையைச் சாமி படத்துக்குக் காட்டிவிட்டுத்தான் விழுங்குகிறாள். பக்கத்தில் நின்று நானும் கும்பிட்டுக்கொள்கிறேன். திருவிழா வந்தபோது டாக்டரிடம் கேட்டுவிட்டு, விட்டுப்போன பால்குடத்தை எடுக்கத் தயாரானாள். குடத்துக்குக் கட்ட வேப்பிலை வேண்டும் என்றாள்.

தாப்பாவரை பாட்டுப் பாடிக்கொண்டே லோரியை இறக்கினேன்.