மாமிக்கு வைத்த பேர்

ஜும்ஆ முடிந்து ஆம்பிளைகள் வீடு திரும்பும் நேரம். நிந்தவூரிலிருந்து பஸ் ஏறிக் கல்முனைக்கு வந்திருந்த சபியா, தம்பி பெண்சாதி றுகையாவின் முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாருக்கும் பேர் வெச்சிரிக்காய் புள்ள. எனக்கும் ஒண்டு வெச்சித் தா."

றுகையாவின் மகள் அம்ஹாவுக்கு ஏழு வயது. கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. மாதம் நிறையாமல் பிறந்ததால் வந்தது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு ஆட்களின் பேரெல்லாம் தொடுகையில்தான். நாடியைத் தடவினால் தாடி வைத்த வாப்பா. மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தால் காப்புப் போட்ட உம்மா. மூக்கு நுனியைத் தொட்டால் மூக்குத்திக்காரி தங்கேஸ்வரி ரீச்சர். காரைதீவிலிருந்து கிழமைக்கு ஒருதரம் வந்து இதையெல்லாம் பழக்கியவர் அந்த ரீச்சர்தான். பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்க ஒருத்தரையும் விடமாட்டார். தன் கையை அடியில் கொடுத்து, அதன் மேல் பிள்ளையின் கை தானாக வந்து அமரும்வரை காத்திருப்பார்.

றுகையா சபியாவின் புறங்கையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சட்டென்று கையை எடுத்தாள்.

"இதுதான் மதினி ஒங்கட பேர்."

சபியாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அந்த வீட்டில் 'சுடும்' என்பதற்கு அதுதான் குறி என்று அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? சோற்றுப்பானை, தேத்தண்ணிக் கேத்தல், எதற்குக் கிட்டப் போனாலும் அம்ஹாவின் புறங்கையில் அந்த இரண்டு தட்டு விழும். பிள்ளை கையை நெஞ்சோடு இழுத்துக்கொள்ளும்.

றுகையா சும்மா செய்யவில்லை. சபியாவின் மகளுடைய கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் அம்ஹாவைப் பார்த்துவிட்டால் இது குடும்பத்து ரத்தத்தில் உள்ள நோய் என்பார்களாம். அதற்காகப் பிள்ளையைக் கொஞ்சிக் கூட்டிப்போய் நெல்லு மூட்டை அடுக்கிய அறைக்குள் விட்டுப் பூட்டிவிட்டாள் அந்த மகராசி. வெளியே ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. சஹன் தட்டு வைத்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பிள்ளையைக் காணவில்லை என்று றுகையா தேடினாள். கதவைத் திறந்தால், அடித்து அடித்து விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து, உடுப்பை நனைத்துக்கொண்டு மூட்டைக்கிடையில் கத்திக்கொண்டு கிடந்தது. கையைக் கழுவிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள் சபியா.

"கொஞ்ச நேரந்தானே புள்ள. இதுக்கு என்ன விளங்கப் போகுது?"

அந்தச் சொல்லை றுகையா விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. புருஷன் நிப்றாஸ் தன் கூடப்பிறந்த ராத்தாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்று அன்றைக்கே மனதுக்குள் கறுவிய றுகையா, இப்போது பார்த்துக்கொண்டிருந்தாள்.

சபியா ஆசையாகப் போய்ப் பிள்ளையின் கையில் தன் பேரைத் தட்டினாள். அம்ஹா கையைப் பறித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். சபியாவின் முகம் சுருங்கிப் போனது. றுகையாவுக்கு வயிறு குளிர்ந்தது, பொய் என்ன.

"அந்த அறைய இன்னும் மறக்கல்ல போல," என்றாள் சபியா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மறப்பாளா மதினி?"

ரீச்சர் தொடக்கத்திலேயே சொல்லித்தான் இருந்தார். "ஒரு குறிக்கு ஒரு பொருள்தான். நீங்க மாத்திச் சொன்னா அவ வேற ஆரிட்டப் போய்க் கேக்கிற?" றுகையாவுக்கு அது ஞாபகம் வந்தது. வந்தால் என்ன, ஒரேயொரு பொய்தானே என்று தள்ளிவிட்டாள்.

சபியா விடவில்லை. வெள்ளிக்கு வெள்ளி தொதல் இனிப்போடு வந்தாள். றுகையா தொழப் போகும் நேரம் பார்த்துப் பிள்ளைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, ரீச்சர் செய்வதைப் பார்த்துப் பழகிய மாதிரியே கையை அடியில் கொடுத்து, இரண்டு தட்டுத் தட்டி, ஒரு துண்டுத் தொதலை உள்ளங்கையில் வைப்பாள். முதலில் பிள்ளை வீசி எறிந்தது. பிறகு மணந்து பார்த்தது. தொழுதுவிட்டு வரும்போது அம்ஹாவின் வாயெல்லாம் கறுப்பாக அப்பியிருப்பதை றுகையா கண்டாள். தட்டம் தட்டமாகக் கொண்டு வரட்டும், நெருப்பு நெருப்புத்தான் என்று நினைத்துக்கொண்டு பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

இந்த வெள்ளிக்கிழமை றுகையா சோற்றுப்பானையை அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியிருந்தாள். சுவரைத் தடவிக்கொண்டு குசினிக்குள் வந்த அம்ஹாவின் கை பானைப் பக்கம் நீண்டது. றுகையா குனிந்து புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

அம்ஹா சிரித்தாள். வாயைத் திறந்தாள். உள்ளங்கையை அகல விரித்துக்கொண்டு இன்னும் முன்னால் போனாள்.

றுகையா பாய்ந்து தூக்கியபோது கை பானையில் பட்டுவிட்டிருந்தது. பைப்படிக்கு ஓடித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பிள்ளையின் தொண்டையிலிருந்து அந்தக் கலியாண நாள் சத்தம் வந்தது. றுகையா கண்டபடி ஏசினாள். சபியாவை ஏசினாள், தொதலை ஏசினாள், பிறகு யாரை ஏசுவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டாள். அம்ஹாவின் மற்றக் கை காற்றில் தேடி, உம்மாவின் கையைக் கண்டுபிடித்து, புறங்கையில் இரண்டு தரம் தட்டியது.

சுடுகிறது என்கிறாளா? மாமி எங்கே என்கிறாளா?

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்று படலையடியில் சபியாவின் குரல் கேட்டது. செருப்புச் சத்தம் முற்றத்தில் கிட்டக் கிட்ட வந்தது. தண்ணீருக்குள் ஒரு கை சிவந்துகொண்டிருந்தது. மற்றக் கை தட்டியது, பதிலுக்குக் காத்திருந்தது, பிறகு முன்னையைவிடப் பலமாகத் தட்டியது.