மஞ்சள் கிடங்கின் வாசல்

2009 மார்ச் 7, சனிக்கிழமை காலை, மட்டாஞ்சேரி பஜார் சாலையில் ஒரு மஞ்சள் கிடங்கின் வாசலில் சங்கிலிப்பாண்டி என்ற சுமைத்தொழிலாளி, உடன் வேலை செய்யும் நீலகண்டனின் கீழ்த்தாடையை ஒரே குத்தில் உடைத்தான்.

தாடை இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. நீலகண்டன் கல்தரையில் குப்புற விழுந்து, கையை ஊன்றி எழுந்து, ஒரு பல்லைத் துப்பினார். சங்கிலிப்பாண்டி அவர் விலாவில் இன்னும் இரண்டு முறை உதைத்தான். அவன் மனைவியின் தம்பி அனீஷும் வேறு இருவரும் சேர்ந்து அவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்துப் போனார்கள்.

போலீசுக்கு யாரும் போகவில்லை. ஒரே குழுவில் சுமப்பவர்கள் அடித்துக்கொண்டால் வெளியே கொண்டுபோவது வழக்கமில்லை. அடித்தவன் சாயா வாங்குவான், ஒரே கிளாசில் இருவரும் பாதிப் பாதி குடிப்பார்கள், அதோடு முடிந்தது. ஒரு வாரம் கழித்து நீலகண்டன் பற்களைக் கம்பியால் கட்டிய வாயோடு சாயாக்கடைக்கு வந்தார். தன் பங்கை உறிஞ்சுகுழலில் குடித்தார்.

“பாத்துக்கோ பாண்டி,” என்றார் பல்லிடுக்கு வழியாக. “ஒரு ஆம்பள அடிச்சிருந்தா கூட எனக்கு இவ்வளவு நோகாது.”

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சங்கிலிப்பாண்டி கிளாசை வைத்த வேகத்தில் அது உடைந்து கை கிழிந்தது. குழுத் தலைவர் விஸ்வேஸ்வரன் எழுந்து நடுவில் நின்றார்.

“இன்னொரு அடி விழுந்தா உன் அட்டை போச்சு. நான் யாரையும் கேட்டுட்டு நிக்க மாட்டேன்.”

பஜாரில் சுமை தூக்க அட்டை வேண்டும். அட்டை இல்லாதவன் எத்தனை பலசாலியானாலும் லாரியின் பின்கதவைத் தொட முடியாது. சங்கிலிப்பாண்டியின் அட்டை அவன் அப்பாவிடமிருந்து அவனுக்கு வந்தது. அவர் அந்தக் காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து வந்து பள்ளுருத்தியில் குடியேறியவர். நீலகண்டனுக்கு வேலையில்லாத மருமகன் ஒருவன் இருந்தான். அட்டை ஒன்று காலியானால் அவனுக்குக் கேட்கலாம் என்று அவர் காத்திருந்ததும் எல்லோருக்கும் தெரியும்.

நீலகண்டன் அந்தக் கேலியைச் சொல்லக் காரணம் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் லாரியிலிருந்து கிடங்குக்குப் போட்ட பலகை முறிந்து, தலையில் அரிசி மூட்டையோடு சங்கிலிப்பாண்டி லாரியின் பக்கச் சட்டத்தின் மேல் கால் விரிந்து விழுந்தான். இரண்டு விரைகளும் நசுங்கிவிட்டன. எடுத்துவிட்டார்கள். சில மாதங்களில் மீசை மெலிந்தது, தோள் சதை தொங்கியது, மத்தியானமே தூக்கம் வந்தது. எர்ணாகுளத்தில் ஒரு பெண் டாக்டர், உடம்பு இனிச் சுரக்காத ஆண் ஹார்மோனை மூன்று வாரத்துக்கு ஒரு ஊசியாகப் போட்டார். மீசை திரும்ப வந்தது. மூட்டை தூக்க முடிந்தது. ஆனால் பழைய மாதிரி இல்லை. மற்றவர்கள் இரண்டு நடை போகும்போது அவன் ஒரு நடை போனான்.

“முடியலன்னா சாக்கு தைக்க உக்காந்துக்கோ. அட்டைய வேற ஆளுக்கு மாத்திக்கலாம்,” என்றார் விஸ்வேஸ்வரன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அதன் பிறகுதான் பள்ளுருத்தி ஜிம்முக்குப் போனான். ஜிம் நடத்திய சுஜித் துபாயில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவன். 2008 மழைக்காலம் முடிந்ததும் ஒரு சிறிய குப்பியை எடுத்துக் காட்டினான். சொட்டு சொட்டாக நாக்குக்கடியில் விட வேண்டிய திரவம். மனிதர்கள் உட்கொள்ள அல்ல, ஆராய்ச்சிக்கு மட்டும் என்று அதன் மேல் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. சுஜித் அதை சார்ம்ஸ் என்றான். ஸ்டீராய்டு இல்லை, சதைக்கு மட்டும் போகும், வேறெங்கும் போகாது என்றான்.

“டாக்டர் ஊசி இருக்கே?”

“ஊசி அஸ்திவாரம் சேட்டா. இது மேல கட்டுற மாடி. என்னைப் போல ஆளுங்க இதக் குடிச்சா உள்ள சுரக்கிறது நின்னு போகும். உங்களுக்கு நிக்கிறதுக்கு என்ன இருக்கு? நீங்க பாக்கியசாலி.”

வேறு யார் சொல்லியிருந்தாலும் சங்கிலிப்பாண்டி அடித்திருப்பான். அன்று சிரித்தான். அந்த விபத்தை ஒரு வசதியாகச் சொன்ன முதல் ஆள் சுஜித்.

டாக்டர், வேறு எதையும் சேர்க்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார். சங்கிலிப்பாண்டி குப்பியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சீக்கிரமே டாக்டர் போடும் ஊசிகளுக்கு நடுவில் கூடுதலாக ஒன்றை சுஜித்தே போடத் தொடங்கினான். கிறிஸ்துமசுக்குள் சங்கிலிப்பாண்டி ஒரே நடையில் இரண்டு மூட்டை தூக்கினான். கழுத்து தோளோடு சேர்ந்துவிட்டது. முகம் எப்போதும் சிவந்திருந்தது. அட்டை பற்றி யாரும் பேசவில்லை.

வீட்டில் பேச்சு குறைந்தது. பீலிங் ஷெட்டில் இறால் உரிக்கும் அவன் மனைவி சுமா, மீன் குழம்பில் உப்பு கூடிய ஒரு நாள் அவன் அதைச் சட்டியோடு சுவரில் எறிந்ததைத் துடைத்தாள். நீலகண்டனின் தாடையை உடைத்த பிறகு ஒரு நாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருகியதில் எலும்பு விரிசல் விட்டது. கட்டுப்போட்டவர்களிடம் படியில் வழுக்கியதாகச் சொன்னாள். தம்பியிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

“அவரு யாரையாச்சும் கொன்னுட்டு அட்டையும் போயி ஜெயிலுக்கும் போவாருடா. நீ வேலையில அவரு பக்கத்துலயே நில்லு. கை ஓங்குனா பிடிச்சுக்கோ.”

“அந்தக் கையையா? என்னைத் தூக்கித் தோள்ல போட்டுட்டுப் போவாரு, அக்கா.”

“பிடிச்சுக்கோ.”

அனீஷ் பக்கத்திலேயே நின்றான்.

பங்குனி வெயில் ஏறிய நாட்களில் சங்கிலிப்பாண்டிக்குக் கண்ணில் மஞ்சள் படர்ந்தது. சோறு மஞ்சளாகத் தெரிந்தது, வெள்ளைச் சட்டையும் அப்படியே தெரிந்தது. யாரும் கவலைப்படவில்லை. அந்தக் கிடங்கில் மஞ்சள் தூள் எல்லோர் கண்ணிலும் விழும், காதிலும் சாப்பாட்டிலும் இருக்கும். குழுவில் அதற்கு வைத்தியம் இருந்தது. இளநீரைக் கையில் பிடித்துக் கண்ணைக் கழுவுவார்கள். அவனும் கழுவினான். மஞ்சள் போகவில்லை. இன்னொரு இளநீர் வெட்டினார்கள்.

“எரியுதா அத்தான்?” என்று கேட்டான் அனீஷ்.

“இல்லடே.”

“மஞ்சப்பொடி போனா எரியுமே. நமக்கெல்லாம் எரியுதே.”

“எனக்குப் பழகிப்போச்சு.”

அனீஷ் ஜிம்முக்குப் போய் சுஜித்திடம் கேட்டான். சுஜித் தொடையில் தட்டிச் சிரித்தான். “மஞ்சளாத் தெரியுதா? அப்ப மருந்து ஒரிஜினல். டூப்ளிகேட்டுல அது வராது. இருட்டுல கொஞ்சம் மங்கலா இருக்கும், பயப்பட வேண்டாம்னு சொல்லு.” அனீஷ் வந்து அப்படியே சொன்னான். ஒரிஜினல் என்ற சொல் மட்டும்தான் சங்கிலிப்பாண்டியின் காதில் நின்றது. இளநீர் கழுவுவதை நிறுத்தினான். குப்பியை நிறுத்தவில்லை.

பழைய கிடங்குகளுக்கு ஜன்னல் கிடையாது. வெயிலிலிருந்து உள்ளே போகிற யாருக்கும் முதலில் ஒன்றும் தெரியாது. அதனால் சுமையோடு வருகிறவன் வாசல் நிலையில் ஒரு கையை வைத்து, கண் பழகும் வரை இரண்டு மூச்சு நின்று, பிறகு உள்ளே போவான். யாரும் கற்றுக்கொடுக்காமல் எல்லோரும் செய்வது. இப்போது சங்கிலிப்பாண்டி இரண்டு மூச்சு நின்றும் இருட்டு விலகவில்லை. பின்னால் மூட்டையோடு வரிசை நின்றது.

“புதுமாப்பிள்ளை உள்ள வர வெக்கப்படுறாரு,” என்றார் நீலகண்டன். வாயில் இன்னும் கம்பி இருந்தது. “யாராச்சும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க.”

விஷு முடிந்த அடுத்த வாரம், உச்சி வெயிலில், ஈரோட்டு லாரி ஒன்று வந்தது. நீலகண்டன் உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார், அனீஷ் அவரோடு இருந்தான். சங்கிலிப்பாண்டி லாரியின் மேல் நின்று கொக்கியால் மூட்டைகளை இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கொக்கி என்பது மரப்பிடி வைத்த வளைந்த இரும்பு. முனையைத் தினமும் கல்லில் தீட்டுவார்கள்.

ஒரு மூட்டை கை தவறி வாசலில் விழுந்து வெடித்தது. மஞ்சள் கிழங்குகள் தெருவில் ஓடின.

உள்ளிருந்து குரல் வந்தது. “விழுந்தது மூட்டையா, இல்ல பாண்டிக்கு மிச்சம் இருந்ததா?”

லாரிக்காரன் சிரித்தான். அந்தக் கேலியை அதுவரை கேட்காத வெளியாள் அவன்.

சங்கிலிப்பாண்டி லாரியிலிருந்து குதித்தான். கையில் கொக்கி இருந்தது. வாசலில் நிற்கவில்லை, நிலையில் கை வைக்கவுமில்லை. நேராக இருட்டுக்குள் போனான். குரல் வந்த பக்கம் ஓர் உருவம் தெரிந்தது. அது எழுந்து அவனை நோக்கி வந்து கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தது. அவன் கையை உதறி, ஓங்கி, கொக்கியை இறக்கினான். கழுத்துக்கும் காறை எலும்புக்கும் நடுவே முனை இறங்கியது. மூட்டையை இழுக்கிற பழக்கத்தில் தன் பக்கமாக இழுத்தான்.

“அத்தான்,” என்றான் அனீஷ்.

அவன் முழங்காலில் விழுந்தான். இரத்தம் சங்கிலிப்பாண்டியின் மார்பிலும் வாயிலும் அடித்தது. சங்கிலிப்பாண்டி குனிந்து அந்த முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தான். மூக்கு, மெல்லிய மீசை, காதோரத் தழும்பு. பிறகு கத்தத் தொடங்கினான். கத்திக்கொண்டே தன் தலையைத் தூணில் மோதினான். நெற்றித் தோல் பிளந்து தொங்கியது. யாரும் அவனைத் தடுக்க அருகில் போகவில்லை.

நீலகண்டன் தன் தலைத்துண்டை உருட்டிக் காயத்துக்குள் திணித்து, அனீஷைத் தோளில் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடினார். ஆட்டோ நிறுத்தியவனிடம் வாயைத் திறந்து பேச முயன்றபோது கம்பி அறுந்து கன்னத்தைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. அவர் அதைப் பிடுங்கவில்லை. இரண்டு கையும் துண்டின் மேல் இருந்தன.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், தோப்பும்படி தாண்டுவதற்குள் அனீஷ் இறந்தான். வயது இருபத்தி மூன்று.

சங்கிலிப்பாண்டியைப் போலீஸ் கிடங்கிலேயே பிடித்தது. விசாரித்த இன்ஸ்பெக்டர், மச்சினனை ஏன் குத்தினாய் என்று பலமுறை கேட்டார். இருட்டு என்று மட்டும் சொன்னான். பகல் பன்னிரண்டு மணிக்கு என்ன இருட்டு என்று கன்னத்தில் அறைந்தார். அவன் கையைத் தூக்கவில்லை. சுமா ஒரே ஒரு முறை ஸ்டேஷனுக்கு வந்தாள். கட்டுப்போட்ட கையால் அவன் முகத்தில் அடித்தாள், அடித்த வலியில் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். “நான்தான்டா அவங்கிட்ட உன் கையைப் பிடிச்சுக்கச் சொன்னேன்,” என்றாள் தரையைப் பார்த்து. அதற்குப் பிறகு வரவில்லை.

சுஜித்தின் ஜிம்மில் சோதனை நடந்தபோது குப்பிகள் எதுவும் இல்லை. அவன் திரும்ப துபாய்க்குப் போயிருந்தான்.

2010 ஆகஸ்டில் எர்ணாகுளம் நீதிமன்றம் சங்கிலிப்பாண்டிக்கு ஏழு வருடம் தண்டனை விதித்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசியைச் சிறையில் டாக்டர் சீட்டுப்படி தொடர்ந்தார்கள். கண்ணிலிருந்த மஞ்சள், பிடிபட்ட மாதமே போய்விட்டது. அவனுடைய அட்டை நீலகண்டனின் மருமகனுக்குப் போனது. அனீஷின் அட்டையை யாரும் கேட்கவில்லை.