கோகிலா போட்ட கையெழுத்து

நல்லரத்தினம் வெற்றிலை பாக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது, ஏதோ கல்யாணத்துக்கு அழைக்க வந்திருக்கிறார் என்றுதான் சீதேவி நினைத்தாள். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு கடிதம். தன் மூத்த மகள் கோகிலாவுக்குப் பதினெட்டு வயது என்று அதில் எழுதித் தரவேண்டுமாம்.

கோகிலாவுக்குப் பதினைந்து. மண்டூரில் சீதேவி நடத்திய சிறுவர் கழகத்துக்கு வாரம் தவறாமல் வருகிறவள்.

“கழுத்தில தாலி ஏறினா இயக்கம் கேக்காது மிஸ். எனக்கு வேற வழி தெரியல்ல.”

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு அது. போர்நிறுத்த ஒப்பந்தம் போட்டு ஒரு வருடம் கழிந்தும், வாவிக்கு மேற்கே இயக்கம் தன் படைக்கு வீட்டுக்கொரு பிள்ளை கேட்பது நிற்கவில்லை. சீதேவி இருந்தது சிறுவர் பாதுகாப்புக்கான ஒரு சின்ன நிறுவனத்தில். கடிதம் கொடுத்தால் படிக்கிற பிள்ளையை மணவறையில் ஏற்றியதாகிவிடும். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே பயமாக இருந்தது. கடைசியில் அவள் கோகிலாவையே கேட்டாள்.

“கல்யாணமும் வேணாம், துவக்குத் தூக்கவும் வேணாம் மிஸ். நான் ஓ.எல். சோதனை எடுக்கணும்.”

அடுத்த வாரமே அவளைப் படகில் வாவிக்கு அக்கரை கொண்டுபோய், இயக்கத்தின் கைக்கு எட்டாத கல்லடியில் ஒரு விடுதியில் சேர்த்தாள் சீதேவி. நல்லரத்தினமும் அரைமனதாகத் தலையாட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சீதேவிக்குத் தன்னை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமைக்குப் பத்து நாள்தான் ஆயுள். மூத்தவள் ஊரில் இல்லை என்று தெரிந்ததும், டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்த தங்கை சுகந்தினியை இயக்கத்துக்காரர் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்குப் பதின்மூன்று.

சீதேவியும் பிள்ளையின் தாய் இரத்தினம்மாவும் பிறப்புப் பத்திரத்தோடு முகாம் வாசலில் போய் நின்றார்கள். பொறுப்பாளன் அதை வாங்கிப் பார்க்கவேயில்லை.

“மூத்தவளக் கொண்டு வாங்க. இளையவளக் கூட்டிட்டுப் போங்க.”

திரும்பி வந்ததும் இரத்தினம்மா வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு, சீதேவியை உள்ளே விடாமல் நின்றாள்.

“நீங்க எங்கட வீட்டுக்கு வராமலே இருந்திருக்கலாம் மிஸ்.”

கோகிலாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று சீதேவி மூன்று நாள் தவித்தாள். நாலாம் நாள் போய்ச் சொன்னபோது, பிள்ளை அழுது தீர்த்துவிட்டுக் கேட்டாள்:

“ஏன் மிஸ் மூணு நாளா மறைச்ச நீங்க? அண்டைக்கு என்னைக் கேட்டுத்தானே செய்தீங்க?”

“நீ போறன் எண்டுவியோ எண்ட பயம்.”

“நான் போனாலும் தங்கச்சிய விடுவாங்க எண்டு என்ன நிச்சயம்? ஊர்ல எத்தின புள்ளைகளப் பிடிச்சிருக்காங்க?”

“சுகந்தினியோட பதினொண்டு. ஒருத்தரும் முறைப்பாடு குடுக்கல்ல. கையெழுத்துப் போடப் பயம்.”

“எனக்கும் பயம்தான். பேப்பரத் தாங்க.”

தங்கையின் பெயர், வயது, பள்ளிக்கூடம், பிடித்த நாள், இடம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். இதனால் அந்த வீட்டுக்கு இன்னும் என்னென்ன வருமோ என்று சீதேவி யோசித்தாள். கடிதத்தை நேரே போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவிடம் கொடுக்க மனம் வராமல், முதலில் இரத்தினம்மாவிடம் கொண்டுபோனாள். அவள் மகளின் எழுத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, அதன் கீழே தன் பெயரையும் எழுதினாள். செய்தி பரவி, அந்த மாதம் முடிவதற்குள் இன்னும் ஆறு தாய்மார் கையெழுத்து வைத்தார்கள். ஏழு பேருமாகப் போய்க் கடிதத்தைக் குழுவிடம் கொடுத்துவிட்டு, மூன்று நாள் முகாம் வாசலில் குந்தியிருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து மூன்று பிள்ளைகளை விட்டார்கள். அதில் சுகந்தினியும் ஒருத்தி. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அவளையும் கல்லடி விடுதியிலேயே சேர்த்தபோது, அக்காவின் அறையில் படுக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

“உன்னாலதான் என்னைப் பிடிச்சாங்க.”

கோகிலா தன் பாயையும் தலையணையையும் சுருட்டித் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, சீதேவியைப் படி வரை வழியனுப்ப வந்தாள்.

“மிச்ச எட்டுப் பேரிட அம்மாமாருக்கு நாம என்ன மிஸ் சொல்ற?”

“வாற சனிக்கிழமை வாறன். இருந்து யோசிப்பம்” என்றாள் சீதேவி.