குழிக்குள்ளிருந்து பாடியவன்

இத்தாலியில் போ என்னும் ஆற்றின் கரையில் இருக்கும் எங்கள் ஊர் ஒபேரா இசைநாடக அரங்கில் நெல்லோவுக்கு வேலை கிடைத்தது. நாயகன் வேஷம் கட்டும் கிழவர் குவால்தியேரோ நோயில் படுத்துவிட்டால் அவன் பாட வேண்டும். கிழவரோ தும்மக்கூட மாட்டேன் என்றார். நெல்லோ வேஷம் போட்டுக்கொண்டு திரைமறைவில் உட்கார்ந்தே தேய்ந்தான்.

ஒரு குளிர்காலத்தில் காற்று அடித்தது பாருங்கள், எங்கள் கோயில் மணியோசையை அப்படியே அக்கரைக்குத் தூக்கிப் போய்விட்டது. அக்கரைக்காரர்கள் பூசைக்கு எழுந்தார்கள், நாங்கள் தூங்கினோம். அந்தக் காற்று குவால்தியேரோவின் கழுத்துத் துணிக்குள்ளும் புகுந்தது. குரல் போயிற்று.

"இன்னிக்கு நான்தானே ஐயா?" என்று குதித்தான் நெல்லோ.

"நீதான் தம்பி" என்று கிழவர் காற்றாய்ச் சொன்னார். "ஆனா குழிக்குள்ள."

மேடையின் முன்விளிம்பில், பாடகர்களுக்கு மறந்த வரியை எடுத்துக் கொடுப்பவர் உட்காரும் குழி. மேலே ஆமை ஓடு போல ஒரு மூடி. நெல்லோ அதற்குள் மடங்கி உட்கார்ந்து பாடினான். கிழவர் வாயசைத்தார்.

மலிவு டிக்கெட்டில் அரங்கின் மேல்மாடியில் உட்காரும் எங்கள் ஊர்க்காரர்கள் பொல்லாதவர்கள். அவர்கள் கூச்சலுக்குப் பயந்து வேஷத்தோடு ரயிலேறிய பாடகர்கள் உண்டு. அன்று அவர்களே அழுதார்கள். "கிழவனுக்கு இளமை திரும்பிடுச்சுடா!" என்றான் பன்றித்தொடை விற்கும் ஆர்துவினோ.

மந்தோவா, கிரெமோனா என்று அழைப்புகள் குவிந்தன. ஊர் மாறியது, குழி மாறவில்லை. தையற்காரர் நெல்லோவுக்கு உட்கார்ந்த வாக்கிலேயே கோட்டு வெட்ட ஆரம்பித்தார்.

"ஒரே ஒரு நாள் முகத்தைக் காட்டிப் பாடுறேன் ஐயா."

"முகத்துல என்னடா இருக்கு? பாட்டு பூரா உனக்கு. எனக்கு வெறும் கைதட்டல்தானே!"

மறுபடி எங்கள் ஊருக்கு வந்தபோது, பாட்டின் நடுவே நெல்லோ மூடியைத் தள்ளி மேலே ஏறினான். பாடிக்கொண்டேதான் ஏறினான். கிழவரும் பழக்கதோஷத்தில் வாயசைத்துக்கொண்டே நின்றார்.

"யார்ரா அவன்? பெரியவர் பாட்டைக் கெடுக்கிறான்!" என்று மேல்மாடி கத்தியது.

நெல்லோ சட்டென்று வாயை மூடினான். அரங்கம் நிசப்தமானது. கிழவர் நெஞ்சில் கை வைத்து, வாய் பிளந்து நின்றார்.

"பாத்தீங்களா? பாடுனது நான்!"

"பாத்தோம்டா!" என்று எழுந்தான் ஆர்துவினோ. "மனுஷனைப் பயமுறுத்தித் தொண்டையை அடைச்சுட்டியே, பாவி! உள்ள போடா!"

ரொட்டி பறந்தது, பிறகு செருப்பு. ஒதுங்குவதற்கு மேடையில் இருந்த ஒரே கூரை குழியின் மூடிதான். நெல்லோ இறங்கினான். இனி வாயே திறப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டான். ஆனால் வயலின்கள் சுற்றி வந்து அவன் வரியின் வாசலில் நின்றன. வந்து நிற்கும் இசையைத் திருப்பி அனுப்ப அவனுக்குத் தெரியவில்லை. பாடினான்.

அந்த இரவு போல எவரும் பாடியதில்லை என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். குவால்தியேரோவைத்தான்.